ஏசி போட்டும் வேர்க்குதா? கரண்ட் வண்டி டிரைவர்களே, கேஸ் பிடிக்கும் முன் இதைப் படிங்க!

புதுச்சேரி:-

அக்னி நட்சத்திரம் வந்தால் புதுவையில் மதிய நேரத்தில் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. நேரு வீதியிலும் அண்ணா சாலையிலும் சிக்னலில் 2 நிமிஷம் நின்றால் போதும், வண்டிக்குள் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். கடற்கரை ஊர் என்பதால் காற்றில் ஈரப்பதமும் அதிகம். இந்த நேரத்தில் மின்சார கார், மின்சார டாக்சி வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார், "ஏசி போட்டா காத்து வருது, கூலிங் வரலை" என்பதுதான்.

உடனே பலரும் செய்வது என்ன? தெரிந்த ஏசி கடைக்கு வண்டியை விட்டு, "கேஸ் கம்மியா இருக்கும், பிடிச்சு விடுங்க" என்று சொல்வார்கள். பெட்ரோல், டீசல் வண்டியில் இப்படி செய்து பழகிவிட்டது. ஆனால் மின்சார வண்டியில் இதே பழக்கம் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல்லாயிரம் ரூபாய்க்கு போகலாம். வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் நின்று போகவும் வாய்ப்பு உண்டு. அது ஏன், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது பற்றிய அலசல் இது.

பெல்ட் கிடையாது, எல்லாம் கரண்ட்!

பெட்ரோல், டீசல் காரில் ஏசி கம்ப்ரசரை சுற்றுவது என்ஜின். என்ஜினில் இருந்து ஒரு பெல்ட் வந்து கம்ப்ரசரை ஓட்டும். மின்சார காரில் என்ஜினே இல்லை. அதனால் கம்ப்ரசருக்குள்ளேயே ஒரு மோட்டார் இருக்கிறது. அந்த மோட்டார் பெரிய பேட்டரியில் இருந்து நேரடியாக கரண்ட் எடுத்து ஓடுகிறது.

வீட்டில் வரும் கரண்ட் 230 வோல்ட். பெரும்பாலான மின்சார கார்களின் பேட்டரியில் இருப்பது 300 வோல்டுக்கும் மேல். பானெட்டை திறந்தால் ஆரஞ்சு கலரில் தடியான ஒயர்கள் தெரியும். "இங்கே கை வைக்காதே" என்பதற்காகவே அந்த கலர். ஏசி கம்ப்ரசருக்கும் அந்த ஆரஞ்சு ஒயர்தான் போகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த ஏசி டிரைவரை மட்டும் குளிர வைப்பது இல்லை. பல மின்சார கார்களில் பேட்டரியை குளிர வைப்பதும் இதே ஏசிதான். பேட்டரியை சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீரை ஏசி கேஸ் குளிர வைக்கும். ஆக, ஏசி படுத்தால் டிரைவருக்கு வேர்க்கும், பேட்டரிக்கும் "காய்ச்சல்" வரும். பேட்டரி சூடானால் சார்ஜ் மெதுவாக ஏறும், வண்டியின் இழுவையும் குறையும். "ஏசிதானே, மழைக்காலம் வரட்டும், பாத்துக்கலாம்" என்று மின்சார காரில் தள்ளிப்போடக் கூடாது.

இது கோளாறே இல்லை!

கூலிங் குறைவது எல்லாமே ரிப்பேர் இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரே சில நேரங்களில் ஏசியை குறைத்து விடும். அவை என்னென்ன?

* ஸ்பீடு சார்ஜ் போடும்போது காருக்குள் உட்கார்ந்திருந்தால் கூலிங் குறையலாம். வேகமாக சார்ஜ் ஏறும்போது பேட்டரி சூடாகும். வண்டி முதலில் பேட்டரியை கவனிக்கும், அப்புறம்தான் உங்களை. சார்ஜ் முடிந்ததும் சரியாகிவிடும்.

* சார்ஜ் ரொம்ப குறைந்து விட்டால், மிச்சம் இருக்கும் கரண்டை ஓட்டத்துக்கு சேமிக்க பல வண்டிகள் ஏசியை குறைக்கும் அல்லது நிறுத்தும்.

* ஈகோ மோடில் ஓட்டினால் சில வண்டிகளில் கம்ப்ரசர் மெதுவாகத்தான் ஓடும். மோடை மாற்றிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

* மூன்று, நான்கு மணி நேரம் வெயிலில் நின்ற கார் எதுவாக இருந்தாலும் உடனே குளிராது. டேஷ்போர்டு, சீட் எல்லாம் சூட்டை இழுத்து வைத்திருக்கும். கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டி, சூடான காற்று வெளியே போன பிறகு கண்ணாடியை ஏற்றி ஏசி போட வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்: காசு செலவில்லாத சோதனை

மேலே சொன்னது எதுவும் காரணம் இல்லை என்றால், கடைக்கு போகும் முன் இந்த 5 விஷயங்களை வரிசையாக பாருங்கள். எதற்கும் ஆரஞ்சு ஒயர் பக்கம் போக வேண்டியதில்லை.

முதலாவது, காற்று சுற்றும் பட்டன். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் இருக்கும். அது ஆஃப் ஆகி இருந்தால், வெளியில் இருக்கும் 38, 40 டிகிரி காற்றைத்தான் ஏசி திரும்பத் திரும்ப குளிர வைத்துக் கொண்டிருக்கும். வெயிலில் அதை ஆன் செய்தாலே பாதி பிரச்சினை தீரும்.

இரண்டாவது, கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு டப்பாவுக்கு பின்னால் இருக்கும். கட்டுமான வேலை நடக்கும் ரோடு, செம்மண் ரோடு என்று ஓடும் வண்டியில் இது சீக்கிரமே அடைத்துக் கொள்ளும். ஃபேனை ஃபுல்லில் வைத்தும் காற்று குறைவாக வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். காற்று குறைவாக வருவது வேறு, காற்று நன்றாக வந்தும் குளிராமல் இருப்பது வேறு. இதை பிரித்துப் பார்த்தாலே நோய் பாதி தெரிந்து விடும்.

மூன்றாவது, முன்பக்க கண்டன்சர். வண்டியின் மூக்கில் ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஜாலி. காருக்குள் இருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளுவது இதுதான். பூச்சி, தூசி, பிளாஸ்டிக் கவர் அடைத்தால் சூடு வெளியே போகாது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டு அதன் மெல்லிய தகடுகள் அரித்தும் போகும். வண்டியை ஆஃப் செய்துவிட்டு, சாதாரண குழாய் தண்ணீரை மெதுவாக விட்டு கழுவலாம். பிரஷர் பம்ப் கூடவே கூடாது. தகடு மடங்கிவிடும். ஒயர், கனெக்டர் உள்ள இடத்தில் தண்ணீரை பீய்ச்சினால் வேறு வம்பு வரும்.

நான்காவது, முன்பக்க ஃபேன். வண்டி ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடான காற்று வருகிறது என்றால் பெரும்பாலும் ஃபேன்தான் குற்றவாளி. ஓடும்போது எதிர்காற்று கண்டன்சரை ஆற வைக்கும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். அது சுற்றாவிட்டால் ராஜீவ் காந்தி சிக்னலில் நிற்கும்போது தெரிந்துவிடும். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாக சுற்ற ஆரம்பிக்கும். அதனால் தூரத்தில் நின்று பார்த்தால் போதும், கையை விட வேண்டாம்.

ஐந்தாவது, தெர்மாமீட்டர் சோதனை. காற்றின் சூட்டை அளக்கும் சின்ன தெர்மாமீட்டரை நடு ஏசி துவாரத்தில் வைத்து, காற்று சுற்றும் பட்டனை ஆன் செய்து, நிழலில் 10 நிமிஷம் ஏசியை ஓட விடுங்கள். நல்ல ஏசி என்றால் அந்த துவாரத்தில் 8 முதல் 14 டிகிரிக்குள் காட்டும். கடும் வெயிலில் கொஞ்சம் கூடலாம். 20 டிகிரிக்கு கீழே இறங்கவே இல்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. அந்த எண்ணை குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். "கூலிங் பத்தலை" என்று மொட்டையாக சொல்வதைவிட அவருக்கும் வேலை சுலபம், உங்களை ஏமாற்றவும் முடியாது.

"கேஸ் பிடி"க்கும் முன்... உஷார்!

ஏசி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்து போகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருஷா வருஷம் கேஸ் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் பிடித்தால், அந்த காசும் கேஸோடு சேர்ந்து காற்றில் போச்சு.

எவ்வளவு கேஸ் என்பதும் கணக்குதான். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். ஆர்-134ஏ, ஆர்-1234ஒய்எஃப் என இரண்டு வகை கேஸ் கார்களில் வழக்கத்தில் உண்டு. ஒன்றுக்கு பதில் இன்னொன்றை போடக்கூடாது, கலக்கவும் கூடாது. ஸ்டிக்கரில் உள்ளதைவிட அதிகம் பிடித்தாலும் கூலிங் குறையும். "கொஞ்சம் கூட விடுங்க, நல்லா குளிரட்டும்" என்று கேட்பது தப்பு.

எல்லாவற்றையும்விட பெரிய ஆபத்து கேஸோடு சேர்த்து விடும் ஆயிலில் இருக்கிறது.

பெல்ட் வண்டிகளின் கம்ப்ரசருக்கு பொதுவாக பிஏஜி என்ற ஆயில் விடுவார்கள். பெரும்பாலான மின்சார கம்ப்ரசர்களுக்கு பிஓஇ என்ற வேறு ஆயில்தான் விட வேண்டும். காரணம் இதுதான். மின்சார கம்ப்ரசரில் மோட்டாரின் காயில், ஆயிலும் கேஸும் ஓடும் இடத்துக்குள்ளேயே இருக்கிறது. பிஓஇ ஆயில் கரண்டை கடத்தாது. பிஏஜி ஆயிலில் அந்த பாதுகாப்பு இல்லை. அது உள்ளே போனால் 300 வோல்ட் கரண்ட் காயிலில் இருந்து கம்ப்ரசரின் உடம்புக்கு கசிய வழி உண்டாகும்.

கரண்ட் கசிகிறதா என்று மின்சார கார் எப்போதும் தன்னைத்தானே சோதித்துக்கொண்டே இருக்கும். கசிவு தெரிந்தால் மீட்டரில் எச்சரிக்கை காட்டும். சில வண்டிகள் "ரெடி" நிலைக்கே வராது. ஏசிக்காக கடைக்கு போன வண்டி, டோ வண்டியில் ஏறி கம்பெனி சர்வீசுக்கு போகும். கம்ப்ரசரை மாற்ற வேண்டியிருக்கும், குழாய்களையும் கழுவ வேண்டியிருக்கும். அதோடு, வெளியில் ஆயில் விட்டதை காரணம் காட்டி வாரண்டி கிடையாது என்று சொல்லிவிடவும் வாய்ப்பு உண்டு.

இதில் மெக்கானிக் வேண்டுமென்றே செய்யும் தப்பு எதுவும் இல்லாமலும் நடக்கலாம். காலையில் பெட்ரோல் காருக்கு போட்ட அதே மெஷின், அதே ஹோஸ். அதற்குள் மிச்சம் இருக்கும் பிஏஜி ஆயில் கொஞ்சம் மின்சார காருக்குள் போனாலே கெடுதல்தான். எனவே கடைக்காரரிடம் 3 கேள்வி கேளுங்கள்.

1. "மின்சார வண்டிக்கு தனி ஹோஸ் இருக்கா, இல்லை மெஷினை ஃபிளஷ் பண்ணிட்டு போடுவீங்களா?"

2. "என் வண்டி ஸ்டிக்கர்ல என்ன ஆயில் போட்டிருக்கோ, அதே ஆயில் இருக்கா?"

3. "கேஸ் பிடிக்கறதுக்கு முன்னாடி லீக் செக் பண்ணுவீங்களா?"

மூன்றில் ஒன்றுக்கு "அதெல்லாம் எதுக்குங்க" என்று பதில் வந்தால், வண்டியை திருப்பிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

கம்ப்ரசரையே கழற்ற வேண்டிய வேலை என்றால் அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. பெரிய பேட்டரியின் தொடர்பை துண்டித்து, உள்ளே தேங்கிய கரண்ட் அடங்கும் வரை காத்திருந்து, மீட்டர் வைத்து பார்த்து, அதற்கான ரப்பர் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள். 12 வோல்ட் பேட்டரி ஒயரை மட்டும் கழற்றிவிட்டு கை வைப்பது உயிரோடு விளையாடுவது. பக்கத்து கடை தம்பியிடம் "சும்மா கழட்டி பாருப்பா" என்று சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏசியால் எத்தனை கிலோ மீட்டர் போகும்?

"ஏசி போட்டா சார்ஜ் தின்னுது" என்பது இன்னொரு புகார். கணக்கு போட்டு பார்க்கலாம்.

2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்த முதல் டாடா நெக்சான் மின்சார காரில் இருந்த பேட்டரி 30.2 யூனிட். வீட்டு கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வெயிலில் ஏசி முதலில் வேகமாக இழுக்கும். கார் குளிர்ந்த பிறகு குறைவாக இழுக்கும். சராசரியாக மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட். புதுவையில் இருந்து சென்னை சுமார் 150 கிலோ மீட்டர், 3 மணி நேரம். ஆக 3 முதல் நாலரை யூனிட் ஏசிக்கு போகிறது. கிலோ மீட்டரில் சொன்னால் 20 முதல் 30. டாக்சி ஓட்டுபவருக்கு இது சின்ன கணக்கு இல்லை. மரக்காணம் தாண்டி ஓடும்போது மீட்டரை பார்த்து பயப்படாமல் இருக்க, இந்த 30 கிலோ மீட்டரை முதலிலேயே கழித்து வைக்க வேண்டும்.

இதை மிச்சம் பிடிக்க ஒரு வழி, சார்ஜில் இருக்கும்போதே கிளம்புவதற்கு 10 நிமிஷம் முன்பு ஏசியை போட்டு காரை குளிர வைப்பது. முதல் இழுவைக்கான கரண்ட் பேட்டரியில் இருந்து போகாமல் லைனில் இருந்தே போகும். பல கார்களில் செல்போன் ஆப் மூலமே இதை செய்யலாம்.

குட்டி யானைக்கு ஏசி உண்டா?

பெரிய மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோ, குட்டி யானை ஓட்டுபவர்கள் கேட்பது வேறு. "எங்களுக்கு ஏசியே இல்லையே" என்பார்கள்.

லாரி டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம் என்ற மத்திய அரசு விதி, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு பொருந்தும். ஆனால் அது மூன்றரை டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள சரக்கு வண்டிகளுக்குத்தான். மேட்டுப்பாளையம் லாரி முனையத்துக்கு வரும் புது பெரிய லாரிகள் அதில் வரும். 2022-ல் அறிமுகமான டாடா ஏஸ் மின்சார வண்டி போன்ற சின்ன லோடு வண்டிகளுக்கு அந்த கட்டாயம் இல்லை. அந்த ஏஸ் வண்டியின் பேட்டரியே 21.3 யூனிட்தான். இந்த அளவு பேட்டரியில் தினம் 5 மணி நேரம் ஏசி ஓடினால் கால் பங்கு கரண்ட் அதற்கே போய்விடும்.

ஏசி இல்லாத வண்டிக்கு வெளியில் ஏசி கிட் வாங்கி மாட்டும் யோசனை இருந்தால் கைவிடுவது நல்லது. பெரிய பேட்டரி ஒயரில் வெட்டி ஜாயின்ட் போடுவது தீப்பிடிக்க வழி. 12 வோல்டில் ஓடும் சின்ன ஃபேன், கூரைக்கு வெள்ளை பெயின்ட், சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சன் ஷேட் ஆகியவை போதும்.

ஊட்டிக்கு போனால் ஹீட்டர்!

புதுவையில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. ஆனால் சீசனுக்கு ஊட்டி, கொடைக்கானல் டிரிப் அடிக்கும் டிரைவர்களுக்கு அது தேவைப்படும். அங்கே போன பிறகுதான் "ஹீட்டர் சரியா வேலை செய்யலை" என்பது தெரியும்.

பெட்ரோல் என்ஜின் எரிக்கும் எரிபொருளில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. அந்த வீண் சூட்டைத்தான் ஹீட்டர் உள்ளே தள்ளுகிறது. செலவே இல்லாத சூடு. மின்சார மோட்டார் அவ்வளவு சூடாகாது. அதனால் பேட்டரி கரண்டில் தனியாக ஒரு ஹீட்டர் எரிய வேண்டும். வீட்டு வாட்டர் ஹீட்டர் மாதிரிதான். கடும் குளிரில் இது மணிக்கு 4, 5 யூனிட் வரை இழுக்கும். ஏசியைவிட பல மடங்கு.

அமெரிக்காவில் இது பெரிய தலைவலி. அங்கே 2022-ல் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் மின்சார பிக்கப்பில் சாதாரண ஹீட்டர்தான் இருந்தது. குளிர்காலத்தில் ஓடும் தூரம் குறைகிறது என்ற புகார் எழுந்தது. 2024 மாடலில் ஹீட் பம்ப் சேர்த்தார்கள். ஹீட் பம்ப் என்பது ஏசியை தலைகீழாக ஓட்டுவது. வெளியில் இருக்கும் கொஞ்ச சூட்டையும் இழுத்து உள்ளே விடும். குறைந்த கரண்டில் அதிக சூடு கிடைக்கும். 2024 ஜனவரியில் சிகாகோ நகரில் கடும் குளிர் வந்தபோது, பேட்டரி குளிர்ந்து சார்ஜ் ஏறாமல் பல மின்சார கார்கள் சார்ஜிங் நிலையத்திலேயே நின்று போயின.

ஊட்டியில் அந்த அளவு குளிர் இல்லை. ஆனால் மலை ஏற்றம் இருக்கிறது. கோவை பக்கம் உள்ள மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,600 கிலோ எடை உள்ள காரை அந்த உயரத்துக்கு தூக்கவே 8 யூனிட் வேண்டும். தூரத்துக்கான கரண்ட் தனி. இதோடு ஹீட்டரும் எரிந்தால் 30 யூனிட் பேட்டரி மளமளவென இறங்கும். மலையடிவாரத்தில் சார்ஜ் போட்டுவிட்டு ஏறுவதே புத்திசாலித்தனம். இறங்கும்போது பிரேக்கில் கொஞ்சம் கரண்ட் திரும்ப ஏறும். அதற்கு இடம் வேண்டும் என்பதால், மேலே 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது.

ஹீட்டர் போட்டும் சூடு வராவிட்டால் ஃபில்டர் அடைப்பை பாருங்கள். கூலன்ட் தண்ணீரை சூடாக்கும் வகை ஹீட்டர் என்றால் கூலன்ட் அளவையும் டப்பாவின் வெளிக்கோட்டில் பாருங்கள். குறைந்திருந்தால் உள்ளே காற்றுக் குமிழி அடைத்து சூடு வராது. அதில் குழாய் தண்ணீரை ஊற்றக்கூடாது. கம்பெனி சொல்லும் கூலன்ட் மட்டும்தான்.

மழையில் கண்ணாடி மறைத்தால்...

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசி குறைந்தால் வேர்வையைவிட விபத்துதான் பயம். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தால், ஏசியை போட்டு காற்றை முன் கண்ணாடிக்கு திருப்புங்கள். அப்போது மட்டும் காற்று சுற்றும் பட்டனை ஆஃப் செய்ய வேண்டும். ஏசி காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். ஆவி வெளிப்பக்கம் படிந்தால் வைப்பரை போட்டு, ஏசியின் குளிரை குறைத்தால் போதும்.

வாரண்டி, புகார்

பல கம்பெனிகள் பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோ மீட்டர் வாரண்டி தருகின்றன. ஆனால் ஏசி கம்ப்ரசர் பெரும்பாலும் வண்டியின் சாதாரண வாரண்டியில்தான் வரும். அது சீக்கிரம் முடிந்துவிடும். வண்டி வாங்கிய பேப்பரில் எது எதற்கு எத்தனை வருஷம் என்பதை ஒருமுறை படித்து வைக்க வேண்டும். வாரண்டி முடிய 2 மாதம் இருக்கும்போதே ஏசியை சோதித்து, குறை இருந்தால் எழுத்து மூலமாக புகார் பதிய வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. ஜாப் கார்டில் "கூலிங் குறைவு" என்று எழுத வைத்து ஒரு காப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

நியாயமான வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். பொருளுக்கு கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் என்றால் கட்டணம் உண்டு.

வண்டியில் சோறு தேடும் டிரைவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. ஏசியில் குறை தெரிந்தால் முதலில் பட்டன், பிறகு ஃபில்டர், பிறகு கண்டன்சர், பிறகு ஃபேன். இந்த நான்கும் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் மட்டும் கேஸ் பற்றி யோசியுங்கள். அப்போதும் ஸ்டிக்கரில் உள்ள ஆயிலை கேட்டுவிட்டு சாவியை கொடுங்கள்.